அப்பாவின் பல்செட்டை அம்மா போட்டுக்கொள்ள முடியுமா?

பேராவூரணிக்காரன்:

சிரிக்காமல் படியுங்கள். கேள்வி என்னுடையதில்லை, அம்மாவுடையது.

அம்மாவுக்கு 76 வயது. மேலே ஒரு பல்கூட இல்லை. கீழே முன்பக்கம் ஆறு நிற்கிறது, அதிலும் நடுவில் இருக்கும் நாலு ஆட்டம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறித்துண்டை எல்லாம் பொறுக்கி என் தட்டில் வைத்துவிட்டு, வெறும் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "பல்லு கட்டிக்கலாம்மா" என்றேன். பதிலே சொல்லாமல் எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்தார். உள்ளே அப்பாவின் செட். "நல்ல செட்டுடா, மெட்ராஸ்ல சீனாக்கார டாக்டர்கிட்ட கட்டினது. இதையே கொஞ்சம் ராவிக் குடுக்கச் சொல்லு, காசு மிச்சம்."

அப்பா அதைக் கட்டிக்கொண்டது 1988இல். ராத்திரி கழற்றி எவர்சில்வர் டம்ளரில் போட்டுவைப்பார். காலையில் அதை மாட்டாமல் திண்ணைக்கு வரமாட்டார். தபால்காரர் கூப்பிட்டால்கூட துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் எட்டிப்பார்ப்பார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. குளிப்பாட்டும்போது யாரோ ஒருவர் செட்டைப் போட்டுவிடலாமா என்று கேட்டார். அதற்குள் தாடை இறுகிவிட்டது. அம்மா அதைக் கையில் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

அப்பாவைப் பெற்ற அப்பத்தாவுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பித்தளை உரலில் வெற்றிலை பாக்கை டொக் டொக் என்று இடித்து, பொக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஊர்வம்பு பேசும். பல் போவது அதற்கு முடி நரைப்பது மாதிரி. அம்மா சின்ன வயதில் உமிக்கரியும் உப்பும் வைத்துத் தேய்த்தவர். எங்கள் காலத்தில் கோபால் பல்பொடி, அதில் பாதியைத் தின்றுவிடுவோம். இப்போது எனக்கு இரண்டு ரூட் கெனால், ஒரு கேப். என் மகளுக்கு 15 வயது, கிளிப் போட்டிருக்கிறாள். மாதாமாதம் டாக்டரிடம் போய் ரப்பர் கலரை மாற்றிக்கொள்வது அவளுக்குத் தீபாவளி.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மிச்சமிருக்கும் ஆறையும் பிடுங்கிவிட்டு ஒரேயடியாக செட் கட்டிவிடலாம் என்கிறார் அம்மா. டாக்டரோ ஓரத்துப் பற்கள் இரண்டையும் தொடாதீர்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அதோடு, மேல் பல்லைப் பிடுங்கியதால்தான் கண் மங்கியது என்று அம்மா உறுதியாக நம்புகிறார்.

மெழுகும் மாவும்:

28 வருஷமாக லேபில் செட் செய்கிறேன். இந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் உங்கள் அம்மா இல்லை, அதனால் வெட்கப்பட வேண்டாம்.

முடியாது. செட் என்பது செருப்பு மாதிரி அளவு பார்த்து மாற்றிப்போடும் சாமான் இல்லை. வாயில் அளவு எடுத்து, அந்த அச்சில் கல்மாவு ஊற்றி ஒரு ஈறு வார்ப்போம். அதன்மேல் மெழுகு கட்டி, ஒவ்வொரு பல்லாக அடுக்கி, டாக்டர் வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் மாவைத் திணித்து வேகவைப்போம். மேல் செட் விழாமல் நிற்பதற்குக் காரணம் ஈறுக்கும் செட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய எச்சில்தான். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்குமே, அந்தக் கதைதான். அப்பாவின் ஈறுக்கு ஒட்டியது அம்மாவின் ஈறில் இடைவெளி விடும். அங்கங்கே ராவினால் இடைவெளி கூடுமே தவிர குறையாது.

ஒன்பது வருஷம் காய்ந்து கிடந்தது வேறு. கழற்றிய செட்டைத் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வடிவம் மாறும். வெந்நீர் ஆகவே ஆகாது, நெளிந்துவிடும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், சாதாரண சோப்பும் மிருதுவான பிரஷும் போதும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒட்டுப்போட வரும் செட்டுகளில் முக்கால்வாசி வாஷ்பேசினில் கை நழுவியவைதான்.

சொல்ல மறந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோரும் "வெள்ளையா, வரிசையா" என்று கேட்பார்கள். 70 வயதுக்காரர் 20 வயது பல்லோடு போவார். இப்போது கல்யாண போட்டோவைக் கொண்டுவந்து "அந்தக் காலத்துப் பல் மாதிரியே" என்று கேட்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கும் பழைய போட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள்.

கடைவாய்:

பல் டாக்டர்தான், பேர் வேண்டாம்.

ஓரத்துப் பற்கள் என்று அவர் சொன்னது கோரைப்பற்களை. வாயிலேயே நீளமான வேர் அவற்றுக்குத்தான். உறுதியாக இருந்தால் பிடுங்கவே கூடாது. மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்கப் பிடிமானம் உண்டு. கீழே நாக்கு நடமாட வேண்டும் என்பதால் லாடம் மாதிரி குறுகிய இடம்தான். பல்லைப் பிடுங்கினால் அதைத் தாங்கிய எலும்பும் வருஷாவருஷம் கரையும். செட் கட்டியவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து டால்கிரென் என்பவர் 1972இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடையின் தேய்மானம் மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. "மேல் செட் ஓகே, கீழ் செட் மட்டும் ஆடுது" என்று எல்லாத் தாத்தா பாட்டிகளும் சொல்வது இதனால்தான்.

எக்ஸ்ரேயில் வேர் நன்றாக இருந்தால், அந்த இரண்டையும் ஈறு மட்டத்துக்குக் குறைத்து, ரூட் கெனால் செய்து, மேலே செட்டை உட்காரவைக்கலாம். வேர் இருக்கும்வரை சுற்றியுள்ள எலும்பு அவ்வளவு சீக்கிரம் கரையாது. வேரைக் காப்பாற்ற முடியாவிட்டால் தாடை எலும்பில் டைட்டானியம் திருகு. ஸ்வீடனில் பிரானெமார்க் என்பவர் 1965இல் முதல் நோயாளிக்குப் போட்ட அதே வித்தைதான். கீழே இரண்டு திருகு போட்டாலே செட் டிச் பட்டன் மாதிரி டக்கென்று மாட்டிக்கொள்ளும். எதற்கும் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

கண்ணுக்கும் மேல் பல்லுக்கும் சம்பந்தமில்லை. பல் விழும் வயதில்தான் கண்புரையும் வருகிறது, பழி என் மாதிரி ஆட்கள்மேல். செலவு கையைக் கடித்தால் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953இலிருந்து. பேராசிரியர் பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். நாலைந்து நடை நடக்க வேண்டியிருக்கும்.

திண்ணைக்கிழவி:

நான் 12 வருஷமாகச் செட் போடுபவள், வயது 71. டாக்டர்கள் சொல்லாததைச் சொல்கிறேன் தம்பி.

முதல் வாரம் வாயில் ஒரு சோப்பு டப்பாவை வைத்த மாதிரி இருக்கும். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். "சரஸ்வதி" என்று சொன்னால் விசில் வரும். தினமும் பேப்பரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், பத்து நாளில் சரியாகும். முதலில் இட்லி, குழைந்த சாதம். இரண்டு பக்கமும் சமமாக வைத்து மெல்ல வேண்டும், ஒரு பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும். புண் வந்தால் நீங்களே அரம் எடுக்காமல் டாக்டரிடம் போங்கள். ராத்திரி கழற்றியே ஆகவேண்டும், ஈறு மூச்சு விடட்டும்.

கறி விஷயம். போன மாதம்தான் பார்த்தேன் என்கிறீர்கள். உங்கள் அம்மா எத்தனை வருஷமாக உங்கள் தட்டில் வைக்கிறார் என்று கேட்டுப்பாருங்கள். மேல் பல் இல்லாதவள் போன மாதமா மெல்லாமல் விட்டிருப்பாள்?

பேராவூரணிக்காரன்:

திண்ணைக்கிழவி அம்மா, கேட்டேன். "ஆறேழு வருஷம் இருக்கும், அதுக்கென்ன இப்போ" என்றார். மேலே எதுவும் பேச முடியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. கோரைப்பற்கள் இரண்டும் நிற்கும், நடுவில் உள்ள நாலும் போகும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கண் விஷயத்தில் அம்மா மசியவில்லை. "டாக்டர்னா அப்படித்தான் சொல்லுவார்."

போட்டோ தேடினோம். 1968 கல்யாணப் படத்தில் உதட்டை இறுக்கி மூடியிருக்கிறார். ஆல்பம் முழுக்கப் புரட்டியும் பல் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று மகள் நச்சரித்த பிறகு சொன்னார், மேலே இடது பக்கம் ஒரு தெத்துப்பல் இருந்ததாம். "உனக்கு இருக்கிற மாதிரியே, அதே இடத்துல." கம்பி போட்டு அதைத்தான் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

டாக்டர் எந்த மாதிரிப் பல் வேண்டும் என்று கேட்டபோது, அம்மா என்னைக் கேட்கவே இல்லை. "அந்தத் தெத்துப்பல்லு ஒண்ணு வெச்சிடுங்க. அவரு அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி பண்ணுவாரு" என்றார். மகள் தன் வாயைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளவு எடுக்க வெள்ளிக்கிழமை போகிறோம். அப்பாவின் செட் பழையபடி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கே போய்விட்டது. மெழுகும் மாவும் எழுதியதைப் படித்துக் காட்டினேன், இந்தமுறை தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்.