வெல்டிங் பயிற்சியில் சேரும் பெண்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள்: ஒரு யோசனை தேவை

ஆறு மாத வெல்டிங் பயிற்சி நடத்துகிறேன். பிரிவுக்கு 20 பேர். கடந்த 3 பிரிவுகளில் 9 பெண்கள் சேர்ந்தார்கள், முடித்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் நான்கு, ஐந்தாம் வாரத்தில், ஆர்க் வெல்டிங் (மின்பொறியால் உலோகத்தை உருக்கி இணைப்பது) தொடங்கியதும் நின்றுவிட்டார்கள். கைத்திறனில் குறையில்லை, சிலர் போட்ட கோடு என்னுடையதைவிட நேராக இருந்தது.

முதலில் கையுறையைத்தான் சந்தேகித்தேன். ஒரு மாணவியின் விரல் முடிந்து ஓர் அங்குலம் கழித்தே கையுறை முடிந்தது. மின்முனைக் குச்சியைப் பிடிக்கும் ஹோல்டரை எப்படிப் பிடிப்பது? சிறிய அளவில் கையுறை, மேலங்கி வாங்கினேன். உடை மாற்றத் தனி அறை ஒதுக்கினேன். கட்டணத்தைப் பாதியாக்கினேன். வேலையில் இருக்கும் பெண் வெல்டர் ஒருவரை அழைத்துப் பேசவைத்தேன். சேர்க்கை கூடியது, நிற்பது குறையவில்லை.

இப்போது கண்ணில் படுவது வேறு. ஒரு பெண்ணின் மின்முனை உலோகத்தில் ஒட்டிக்கொண்டால் பக்கத்துப் பையன் "கொடுங்கள், நான் போடுகிறேன்" என்று ஹோல்டரை வாங்கிவிடுகிறான். நல்லெண்ணம்தான், ஆனால் அவளுக்குப் பழகும் வாய்ப்பு போய்விடுகிறது. உதவியாளரும் அப்படியே. சொன்னால் இரண்டு நாள் கேட்கிறார்கள்.

அடுத்த பிரிவில் 5 பெண்கள். இத்தகைய பயிற்சியை நடத்தியவர்கள் சொல்லுங்கள்: இவர்களை ஒரே வேலை மேசையில் சேர்த்து வைப்பதா, ஆண்களுடன் கலந்து வைப்பதா, எதில் பெண்கள் கடைசிவரை நீடித்தார்கள்?