முதல் தனிப்பயணம் ஹம்பிக்கு: வழிகாட்டி இல்லாமல் மூன்று நாள், சரியா தவறா?

காவிரிக்கரைக்காரி:
ஜனவரி இரண்டாம் வாரம் கர்நாடகத்து ஹம்பி போய் வந்தேன். தனியாக. 29 வயதாகிறது, இதுவரை திருச்சியிலிருந்து சென்னைக்குப் போவதென்றால்கூட இங்கே ஒருவர் பஸ் ஏற்றிவிடுவார், அங்கே ஒருவர் வந்து கூட்டிப்போவார். அப்படி வளர்ந்தவள் பெங்களூரில் ரயில் மாறி, ஹம்பி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரைத்தூக்கம் போட்டு, காலையில் ஹோஸ்பேட்டில் இறங்கி, அங்கிருந்து 13 கிலோமீட்டர் டவுன் பஸ்ஸில் போனேன். விருபாட்சர் கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் அழுகை வந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முதல் தடவை போகிறவர்கள் வழிகாட்டி வைக்காதீர்கள். ஒரே நாளில் இத்தனை இடம் என்று ஆட்டோக்காரர் பேசுகிற கணக்குக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நடந்து போங்கள். ஹசார ராமர் கோயில் சுவரில் ராமாயணம் வரிசையாகச் செதுக்கியிருக்கிறது, நான் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு காட்சியையும் நானே கண்டுபிடித்தேன், இரண்டரை மணி நேரம் ஆனது. அனுமன் தன் வாலைச் சுருட்டி ஆசனமாக்கி ராவணனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் இடம் வந்தபோது, கூட யாரும் இல்லாமல் வாய்விட்டுச் சிரித்தேன். நான் அங்கே இருந்த நேரத்துக்குள் மூன்று கும்பல் வழிகாட்டியோடு வந்து, பத்துப் பத்து நிமிடத்தில் கிளம்பிப்போனது.

துங்கபத்திரை ஆற்றோரப் பாதையில் ஒரு சின்ன மண்டபத்தில் வெயிலுக்கு ஒதுங்கினேன். தரைக் கல்லில் கோடு கோடாக ஏதோ கீறல், தூசியைக் கையால் துடைத்தேன். விளையாட்டுக் கட்டம். எங்கள் ஆச்சி திண்ணையில் கரித்துண்டால் போடுவாரே ஆடுபுலி ஆட்டத்துக்கு, அதே ஜாடை. காவலுக்கு நின்றவனோ, மூட்டையை இறக்கி வைத்தவனோ, யாரோ இரண்டு பேர் அங்கே உட்கார்ந்து காய் நகர்த்தியிருக்கிறார்கள். எந்த வழிகாட்டியும் என்னை அங்கே நிறுத்தியிருக்க மாட்டார்.

கல்வெட்டுப்பித்தன்:
தங்கச்சி, நீ தனியாகப் போனதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் வழிகாட்டி வேண்டாம் என்று ஊருக்கே சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹம்பிக்கு நான்கு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை உன்னைப்போலவே தனியாக, கையில் ஒரு வரைபடம் மட்டும். திரும்பி வந்து படித்தபோதுதான் எதையெல்லாம் தாண்டி நடந்திருக்கிறேன் என்று தெரிந்தது, வயிறு எரிந்தது.

1336-ல் தொடங்கி 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு சூறையாடப்பட்ட வரைக்கும் இருநூறு வருஷத்துக்கு மேல் விஜயநகரப் பேரரசின் தலைநகரம் அது. 40 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, 1,600-க்கும் அதிகமான சின்னங்கள். மூன்று நாளில் காலால் அளக்க முடியுமா? கேட்கிறேன், பதில் சொல்: விட்டலர் கோயில் கல் தேரில் முன்னால் நிற்கும் யானைகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாயா? லட்சுமி நரசிம்மர் சிலையில் லட்சுமி எங்கே என்று பார்த்தாயா?

பெங்களூர்வாசி:
பித்தன் அண்ணா, நீங்கள் சொல்கிற வழிகாட்டி எத்தனை பேருக்குக் கிடைப்பார்? எங்களுக்குக் கிடைத்தவர் விட்டலர் கோயிலில் இசைத்தூணை விட்டு நகரவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வெள்ளைக்காரர்கள் இரண்டு தூணை அறுத்தார்கள் என்று ஒரு கதை, அதற்கு ஆதாரம் என்னவென்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள் என்கிறார். ராணி குளியலறை, தாமரை மகால், யானைக்கொட்டில் எல்லாம் பிற்காலத்தில் ஒட்டிய பெயர்கள், ஆனால் ராணி இந்தப் படியில்தான் இறங்குவாள் என்று நேரில் பார்த்ததுபோலச் சொன்னார். தப்பாகத் தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமலே பார்ப்பது மேல். என் ஓட்டு காவிரிக்கரைக்காரிக்கு.

இரண்டு பெண்களின் அப்பா:
வழிகாட்டி வேண்டுமா வேண்டாமா என்பது அப்புறம். ஒரு பெண் தனியாக அங்கே போகலாமா என்று யாருமே கேட்கவில்லையே. 2025 மார்ச்சில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சணாப்பூரில், ராத்திரி கால்வாய்க் கரையில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களைத் தாக்கினார்கள். இரண்டு பெண்களுக்கு நடந்ததை இங்கே எழுதக் கை வரவில்லை. கால்வாயில் தள்ளப்பட்ட ஒரு பையன் பிணமாகத்தான் கிடைத்தான். செய்தி படித்த அன்று எனக்குத் தூக்கமே இல்லை. பட்டப்பகலில் சில பேர் ஒரு விஷ்ணு கோயில் தூணைத் தள்ளிச் சாய்த்து எடுத்த வீடியோ 2019-ல் பரவியது, தடுக்க அங்கே ஒரு ஆள் கிடையாது. கல்லுக்கே காவல் இல்லாத இடத்தில் பெண்ணுக்கு என்ன காவல்? தைரியமாகப் போங்கள் என்று எழுதுவது சுலபம் அம்மா. படித்துவிட்டு 20 வயதுப் பிள்ளை ஒன்று கிளம்பிப்போனால் யார் பொறுப்பு?

காவிரிக்கரைக்காரி:
அப்பா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, என் அப்பாவும் இதையேதான் சொன்னார். சணாப்பூரில் நடந்ததைப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர், அதில் மூன்று பேர் ஆண்கள், ஒருவர் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண், உள்ளூர் தெரிந்தவர். துணையோடு இருந்தவர்களுக்கு நடந்தது அது. அதை வைத்துத் தனியாகப் போகாதே என்று எப்படிச் சொல்ல முடியும்? இருட்டில் ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்குப் போகாதே என்று சொல்லுங்கள், தலைமேல் வைத்துக் கேட்கிறேன். அப்படித்தான் நடந்துகொண்டேன். சூரியோதயம் பார்க்க எல்லோரும் மாதங்க மலைக்குப் போகச் சொன்னார்கள், இருட்டில் ஏற வேண்டும் என்பதால் போகவில்லை. அதற்குப் பதில் கோயிலை ஒட்டியே இருக்கிற ஹேமகூடத்தில் சாயங்காலம் உட்கார்ந்தேன். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். ஆறரைக்கு அறைக்குள் இருந்தேன், மூன்று நாளும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இரண்டாவது நாள் வழி தவறினேன். அச்சுதராயர் கோயிலுக்குக் குறுக்கே போகலாம் என்று பாறைகளுக்கு நடுவே நுழைந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி உருண்டைக் கற்கள், போனில் சிக்னல் இல்லை, மத்தியானம் ஒரு மணி, தண்ணீர் அரை பாட்டில். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு பாறையில் கை ஊன்றி நின்றேன். விரல் ஒரு குழிக்குள் போனது. பார்த்தால் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், வரிசையாகச் சதுரக் குழிகள், அந்தக் கோடு முடிகிற இடத்தில் பாறை கத்தியால் வெட்டியதுபோலப் பிளந்திருக்கிறது. ஆப்பு இறக்கிக் கல் உடைத்த இடம். பாதிக் கல் கோயிலுக்குப் போய்விட்டது, மீதி இங்கேயே நிற்கிறது. பயம் எப்போது போனது என்று தெரியவில்லை, அந்தக் குழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் வந்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பாதையில் விட்டார்.

பித்தன் அண்ணா, யானைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? நான் பார்க்கவில்லை.

கல்வெட்டுப்பித்தன்:
இதைத்தான் சொன்னேன். யானைகள் முதலில் அங்கே இருந்தவையே அல்ல. தேரை இழுத்தவை குதிரைகள். அவை சிதைந்துபோக, வேறு இடத்து யானைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், பின்னால் பார்த்தால் குதிரையின் வாலும் பின்னங்காலும் இன்னும் கல்லில் தெரியும். 50 ரூபாய் நோட்டில் இருப்பது இந்தத் தேர்தான், ஆனால் கட்டியபோது இருந்த உருவம் அது இல்லை. மேலே செங்கல் விமானம் இருந்தது, 1856-ல் கிரீன்லா என்ற வெள்ளைக்காரர் எடுத்த புகைப்படத்தில் அது தெரிகிறது, பிறகு எடுத்துவிட்டார்கள். நீ நின்று பார்த்தது தலை போய், குதிரை போய் மிஞ்சிய தேர். அது தெரிந்து பார்த்தால் மனசு வேறு மாதிரி கனக்கும்.

அதே கோயில் மகாமண்டபத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிசையாகக் குதிரைகள், கூடவே அவற்றைக் கொண்டுவந்து விற்ற அயல்நாட்டு வியாபாரிகள், அவர்கள் உடையோடு செதுக்கியிருக்கிறது. கடல் தாண்டி வந்த குதிரை இல்லாமல் விஜயநகரத்துப் படை இல்லை. நீ திருச்சிக்காரி, ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களைப் பார்த்தே வளர்ந்திருப்பாய். அந்தக் குதிரையும் இந்தக் குதிரையும் ஒரே கதையின் இரண்டு முனை. இதைச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் உன் ஊரையே நீ வேறு கண்ணால் பார்ப்பாய்.

நெல்லைச்சீமை:
எனக்கு 57 வயது. போன டிசம்பரில் நானும் தனியாகத்தான் போனேன், அவர் காலமான பிறகு முதல் பயணம். இரண்டு பக்கமும் விட்டுப்போன ஒரு விஷயம் இருக்கிறது. விருபாட்சர் கோயிலுக்கு எதிரே நீளமாகப் பஜார் தெரு போகிறதே, இரண்டு பக்கமும் கல் மண்டபங்களோடு, அந்த மண்டபங்களில் குடும்பங்கள் குடியிருந்தன, கடை வைத்திருந்தன. 2011 ஜூலையில் அந்த வீடுகளையும் கடைகளையும் இடித்து அப்புறப்படுத்தினார்கள். என்னைக் கூட்டிப்போன பையன் தன் தாத்தா இட்லிக்கடை வைத்திருந்த தூணைத் தொட்டுக் காட்டினான். புகைக் கரி இன்னும் கல்லில் ஒட்டியிருக்கிறது. பாழடைந்த நகரம் என்று எல்லோரும் எழுதுகிறோம், விருபாட்சருக்கு இன்றைக்கும் பூஜை நடக்கிறது, ஊர் ஜனம் அங்கேயே பிழைக்கிறது. அந்தப் பையன் வருஷம் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, அவனுக்குக் கொடுத்த கூலி அந்த ஊருக்குப் போகிறது. வழிகாட்டியே வேண்டாம் என்று சொல்வது சரியில்லை மகளே.

அப்பா அவர்களுக்கு: உங்கள் மகள்களை அனுப்ப வேண்டாம் என்றால் அது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் நான் 57 வருஷம் ஒரு துணைக்காகக் காத்திருந்து எந்த ஊரையும் பார்க்கவில்லை. துணை இருந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போது முழங்கால் வலியோடு படி ஏறுகிறேன்.

இரண்டு பெண்களின் அப்பா:
அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் என் கருத்து மாறவில்லை. சிக்னல் இல்லாத பாறைக்காட்டில் அந்தப் பெண்ணுக்கு ஆடு மேய்க்கும் அம்மா கிடைத்தது நல்ல நேரம். வேறு யாராவது வந்திருந்தால்? முதல் தனிப்பயணத்துக்கு மைசூரு போகட்டும், தஞ்சாவூர் போகட்டும், நான்கு பக்கமும் ஊர் இருக்கிற இடம். பழகிய பிறகு ஹம்பி. அதில் என்ன குறைந்துவிடும்?

பெங்களூர்வாசி:
அப்பா சொல்வதில் ஒன்றை மட்டும் ஆமோதிக்கிறேன், குறுக்கு வழி வேண்டாம். மற்றபடி அங்கே போகிறவர்கள் ஆற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். துங்கபத்திரை மேலே பார்க்க அமைதியாக இருக்கும், பாறைக்கு அடியில் சுழல், பரிசலில் போங்கள், நீந்த இறங்காதீர்கள். வெயிலும் அப்படியே. ஏப்ரல், மே மாதத்தில் அந்தப் பாறைகளுக்கு நடுவே நடப்பது அடுப்புக்குள் நடப்பது மாதிரி. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். விட்டலர் கோயில் டிக்கெட்டே அன்றைக்குத் தாமரை மகாலுக்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

காவிரிக்கரைக்காரி:
நெல்லை அம்மா, அந்த மண்டபங்களுக்கு நடுவே நான் மூன்று நாளும் நடந்தேன். கரியைக் கண்ணால் பார்த்தேன், யாரோ சருகு எரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் தொண்டை அடைத்தது. கூலி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, வேண்டாம் என்று ஒரேயடியாக எழுதியிருக்கக் கூடாது.

ஆனால் பித்தன் அண்ணா, உங்களோடு இன்னும் ஒத்துப்போக முடியவில்லை. குதிரை வாலை நான் தவறவிட்டேன், சரி. யாராவது காட்டியிருந்தால் பார்த்திருப்பேன், ஒரு வாரத்தில் மறந்தும் இருப்பேன். இப்போது நீங்கள் சொல்லி, நான் பார்க்காமல் வந்துவிட்டேன் என்ற தவிப்பு இருக்கிறதே, இது என்னைத் திரும்ப அங்கே இழுக்கிறது. அந்த ஆப்புக் குழிகளை எனக்கு யாரும் காட்டவில்லை, பயந்து போய் என் விரல் தானாகத் தொட்டது. அது எந்தக் காலத்திலும் மறக்காது. முதல் தடவை ஒருவர் தன் கண்ணால் தடுமாறிப் பார்க்கட்டும். ஆள் வைத்துக் கேட்பதற்கு இரண்டாவது தடவை இருக்கிறது.

கல்வெட்டுப்பித்தன்:
இரண்டாவது தடவை எல்லோருக்கும் வாய்க்காது தங்கச்சி. அதனால்தான் மல்லுக்கட்டுகிறேன். பெங்களூர் வந்து ரயில் மாறிப் போய் வர லீவும் காசும் வாழ்நாளில் ஒருமுறை மட்டும் அமைகிறவர்கள் இதையும் படிப்பார்கள். அவர்கள் ஒரு அரை நாளாவது, விவரம் தெரிந்தவரா என்று நான்கு கேள்வி கேட்டுப் பார்த்து, ஒருவரை வைத்துக்கொள்ளட்டும். மீதி நேரம் உன்னைப்போல அலையட்டும்.

காவிரிக்கரைக்காரி:
அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை அண்ணா, யோசிக்கிறேன். நரசிம்மரைப் பற்றி நீங்கள் கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது. என் போனில் அந்தச் சிலையின் படம் பதினொன்று இருக்கிறது, எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். லட்சுமி எங்கேயும் இல்லை. எல்லாமே நேர் முன்னால் நின்று எடுத்தது.

கல்வெட்டுப்பித்தன்:
முன்னால் நின்றால் தெரியாது. 1528-ல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கியபோது நரசிம்மர் மடியில் லட்சுமி இருந்தாள். உடைத்துவிட்டார்கள். அவள் போன பிறகு 6.7 மீட்டர் உயரத்தில் பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லும் மட்டும் நிற்பதால் எல்லோரும் உக்ர நரசிம்மர் என்கிறார்கள். பக்கவாட்டில் நகர்ந்து போய் முதுகைப் பார். அவரை அணைத்த அவள் கை மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது.