மறு: ‘இன்க்ளூசிவ்’ ஸ்டூடியோ: ‘உள்ளடக்கிய’ வேண்டாம், ‘புழங்கு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘இன்க்ளூசிவ் ஸ்டூடியோ’வைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியவள் நான்தான், அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை காட்பாடி காந்தி நகரில் நடனமும் உடற்பயிற்சியும் கற்றுத்தரும் கூடம் ஒன்றைத் தொடங்குகிறாள். நம் ஊர் ஜிம்மெல்லாம் கடைக்கு மேலே மாடியில்தான் இருக்கும். சக்கர நாற்காலி ஏறாது. தரைத்தளம்தான் வேண்டும் என்று நாலு மாதம் அலைந்து பிடித்த இடம் இது. திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள், ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள், உடம்பு பெருத்தவர்கள் என்று வேறு இடங்களில் வாசலோடு திரும்புகிறவர்கள் இங்கே கூசாமல் வந்துபோக வேண்டும் என்பது அவள் ஆசை.

போர்டுக்கு நான் எழுதிக்கொடுத்தது ‘அனைவரையும் உள்ளடக்கிய நடன மற்றும் உடற்தகுதிப் பயிற்சி நிலையம்’. ஃப்ளெக்ஸ் கடைப் பையன் அதை ஆறுக்கு மூன்றில் போட்டுப் பார்த்தான். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி வந்தது. “இன்னாக்கா இது, கவர்மென்ட் ஆபீஸ் போர்டு மாதிரி? எல்லாரும் வரலாம்னு போட்டா போதாதா?” என்றான். வீட்டுக்கு வந்து அந்த இரவே இந்தக் கலைச்சொல் குழுவுக்கு எழுதினேன்.

> ‘உள்ளடக்கிய கல்வி’ என்று கல்வித்துறையில் நிலைத்துவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ராணிப்பேட்டை ஐயாவின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ‘அடக்கு’ உட்கார்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் வேறு யாரையோ உள்ளே போட்டு மூடுகிற மாதிரி எனக்குக் கேட்கிறது. ஆம்பூர் நண்பர் சொன்ன ‘அடையா வாயில்’ அழகான சங்கத் தொடர். ஆனால் அந்த வாயில் வள்ளலுடையது. பாணர் வரலாம், பாடலாம், பரிசில் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். மாதாமாதம் பீஸ் கட்டி வருகிறவளுக்கு அந்த உவமை எதற்கு? ‘சமத்துவக் கூடம்’ என்றால் 1997இல் வந்த சமத்துவபுரம் நினைவுக்கு வந்து, வாசலில் பெரியார் சிலையைத் தேடுவார்கள் (எனக்கு ஆட்சேபம் இல்லை, தங்கைக்கு இடம் போதாது).

‘வரவேற்கும் கூடம்’ என்பதையும் யோசித்தேன். வரவேற்பு வாசலோடு முடிகிற விஷயம். முன்பு நான் போய்க்கொண்டிருந்த ஒரு ஜிம்மில் திருநங்கை ஒருவர் சேர வந்தார். முடியாது என்று யாரும் சொல்லவில்லை. உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், “பேட்ச் ஃபுல், அடுத்த மாசம் பாருங்க” என்றார்கள். அன்று மாலையே இன்னொரு பெண்ணுக்கு ரசீது போட்டார்கள். நான் ட்ரெட்மில்லில் நடந்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

இருபது ஆண்டுகளில் தமிழில் ஆட்களுக்கான சொற்களை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். திருநங்கை வந்தது, திருநம்பி வந்தது. 2010இல் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. 2022இல் பாலினச் சொற்களுக்கு அரசிதழிலேயே ஒரு பட்டியல் வெளியானது. ஆனால் அந்த ஆட்கள் வந்து நிற்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் சொல் இல்லை.

என் பரிந்துரை ‘புழங்கு’, அதாவது கூடிப் பழகு, சேர்ந்து பயன்படுத்து. ‘அவங்க வீட்ல தண்ணி புழங்க மாட்டோம்’ என்ற பேச்சைக் கேட்காமல் வட ஆற்காட்டில் வளர்ந்தவர் யாராவது உண்டா? ஒதுக்குவதைச் சொல்ல நம் ஊர் எடுத்துவைத்திருக்கும் வினை இது. தீண்டாமை மாதிரியே ‘புழங்காமை’ என்பதும் இலக்கணப்படி கேள்வி கேட்காமல் வந்து நிற்கிறது. அதை நேராக்கினால் ‘புழங்குவெளி’. ஜிம்மிலும் நடன வகுப்பிலும் நடப்பதே புழக்கம்தான்: ஒரே பாய், ஒரே டம்ளர், வியர்வை துடைத்த பெஞ்ச், அடுத்தவர் கை.

கை என்றதும் நினைவுக்கு வருகிறது. காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் முன்பே, 1940களின் கடைசியில், வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தசைநாணை மாற்றிவைத்து, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கியிருந்தார். அப்படி நோய் குணமாகி, இரண்டு விரல் மட்டும் கொஞ்சம் வளைந்த ஒரு அம்மா, தங்கை முன்பு உதவியாளராக இருந்த வகுப்புக்கு வந்தார். அவருக்கு எப்போதும் கடைசி வரிசை. கும்மி வட்டத்தில் கைகோக்கும்போது வலப்பக்கத்துப் பெண் துப்பட்டா நுனியை நீட்டுவாள், கையை நீட்ட மாட்டாள். அந்த அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் நுனியைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார். அவரை யாரும் ‘உள்ளடக்காமல்’ இல்லை. வட்டத்துக்குள்தான் இருந்தார்.

அதனால் பட்டியலுக்கு: புழங்குவெளி, புழங்காமை, புழங்குதடை (படிக்கட்டு, ஆண்/பெண் என்று இரண்டே கட்டம் உள்ள படிவம், உடை மாற்றத் தாழ்ப்பாள் இல்லாத அறை எல்லாம் இதில் அடங்கும்). ‘புழக்கம்’ என்ற வடிவத்தைத் தவிர்க்கலாம். செய்தித்தாளில் கஞ்சாவும் கள்ளநோட்டும் அதைக் குத்தகைக்கு எடுத்துவிட்டன.

ஸ்டூடியோவுக்கு ‘ஆடுகூடம்’ பிடித்திருக்கிறது. ஜிம்மை ஜிம் என்றே விட்டுவிடலாம். காமன்வெல்த் பளுதூக்குதலில் 2014, 2018 இரண்டிலும் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கத்தின் சத்துவாச்சாரியில் போய் ‘உடற்பயிற்சிக் கூடம் எங்கே’ என்று கேட்டால், ‘ஜிம்மா?’ என்று திருப்பிக் கேட்பார்கள்.

---

மறு: மறு: (குடியாத்தத்திலிருந்து)

அக்கா, சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று. அந்த வார்த்தையை நீங்கள் சொல்கிற பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டோம். பாட்டி பாத்திரம் விற்கப் போன தெருவில் ‘நீ புழங்காத’ என்றுதான் சொல்வார்களாம். போர்டில் பெரிய எழுத்தில் அதைப் பார்த்தால் எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருக்கும். அப்புறம்தான் பொருள் புரியும். அந்த ஒரு நொடிக்குள் நான் பைக்கைத் திருப்பிவிடலாம். கலைச்சொல் பட்டியலுக்கு என் ஓட்டு உண்டு, வாசலுக்குக் கிடையாது.

---

மறு: மறு: மறு: (காட்பாடியிலிருந்து)

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். தங்கையிடம் உங்கள் மடலைப் படித்துக் காட்டினேன். போர்டில் ‘ஆடுகூடம்’, கீழே ‘எல்லாரும் வரலாம்’, அவ்வளவுதான். ஃப்ளெக்ஸ் கடைப் பையன் ஜெயித்துவிட்டான். ‘புழங்குவெளி’ பயிற்சியாளர்களுக்கான கையேட்டில் மட்டும் இருக்கும், ‘புழங்குதடை’ப் பட்டியலோடு. வாசலில் சாய்தளம் போட்டாயிற்று. பாகாயம் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி முடித்த ஒருவரை அழைத்து ஏறிப் பார்க்கச் சொன்னோம். சரிவு செங்குத்து, யாராவது பின்னால் தள்ளினால்தான் ஏறும் என்றார். உடைத்து, இன்னும் நீளமாகக் கட்டுகிறார்கள். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1966இல் அந்த மையத்தை நிறுவிய ஊரில், ஒரு சின்னச் சாய்தளத்தை இரண்டு தடவை கட்டுகிறோம்.

இன்னொரு சொல்லும் உடனே தேவைப்படுகிறது. நடனத்தில் தோளையோ இடுப்பையோ தொட்டுத் திருத்துவார்கள் இல்லையா, அதற்கு முன்பே ‘தொடலாமா’ என்று கேட்டு வாங்கும் சம்மதம். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் விட்டிருக்கிறோம், தலைப்பு காலியாக இருக்கிறது. ‘தொடு இசைவு’ என்று எழுதிப் பார்த்தேன், போன் திரை மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது சொல்லுங்கள்.