எலும்பு நிற்கிறது, நரம்புதான் நழுவுகிறது

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. உடலின் அமைப்பைச் சொல்லும் அனாட்டமி எப்படியோ ஓடிவிடுகிறது. மணிக்கட்டின் 8 எலும்புகளையும் என் கையிலேயே பேனாவால் வரைந்து படித்தேன். சுண்டுவிரல் பக்கம் பட்டாணி மாதிரி தட்டுப்படுமே, அது பிசிஃபார்ம். துணி துவைத்தால் அழிந்துவிடும், மறுபடி வரைவேன்.

உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் பிசியாலஜிதான் படுத்துகிறது. நரம்பு செல் ஓய்வில் இருக்கும்போது உள்ளே சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். தூண்டினால் சோடியம் உள்ளே வரும், அப்புறம் பொட்டாசியம் வெளியே போகும். இதுவரை சரி. பொட்டாசியம் போனதுமே மின்னழுத்தம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்றால், செல்லின் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது எதற்கு? வகுப்பில் கேட்டால், "அப்படியே எழுதும்மா, மார்க் வரும்" என்கிறார்கள்.

சீனியர் அக்காமார், அண்ணன்மார் யாராவது தமிழில் விளக்குங்களேன். வாய்ஸ் மெசேஜாக இருந்தாலும் போதும். 12 கபால நரம்புகளை வரிசையாகச் சொல்ல நீங்களே தமிழில் கட்டிய வாக்கியம் இருந்தால் அதையும் போடுங்கள். ஆங்கில வாக்கியம் தெரியும், பரீட்சை ஹாலில் முதலில் மறப்பதே அதுதான். திங்கட்கிழமை இன்டர்னல்.