புதுப்பிப்பு: பலகை விழித்துக்கொண்டது

போன கிழமை இங்கே புலம்பியிருந்தேன்: அசெம்பிளியில் எழுதிய தொடக்க நிரலையும் சி நிரலையும் லிங்கர் (நிரல் துண்டுகளை ஒன்றாக்கும் கருவி) ஒரு முறைப்பாடும் இன்றி இணைக்கிறது, ஆனால் கோர்டெக்ஸ்-எம்3 சில்லு உள்ள பலகை அசைவதே இல்லை என்று. திருகோணமலையில் மாமாவின் மீன்பிடிப் படகுக்காகச் செய்யும் விளக்குக் கருவி அது.

'மெப் கோப்பைத் திறந்து பாருங்கள் தம்பி' என்ற அண்ணாவுக்கு நன்றி. லிங்கர் எதை எங்கே வைத்தது, எதை நீக்கியது என்று எழுதிவைக்கும் கோப்பு அது. திறந்தால், வெக்டர் அட்டவணை (சில்லு எழும்போது முதலில் படிக்கும் முகவரிப் பட்டியல்) கழித்துவிடப்பட்ட பகுதிகளின் பட்டியலில் கிடந்தது! எந்த நிரலும் அதைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சில்லு மட்டுமே படிக்கும். பயன்படாதவற்றை நீக்கச் சொல்லியிருந்தேன், லிங்கரும் சொன்னபடி செய்தது. லிங்கருக்கான கட்டளைக் கோப்பான லிங்கர் ஸ்கிரிப்டில் அந்தப் பகுதியைச் சுற்றி 'கீப்' (நீக்காதே) போட்டதும் அட்டவணை திரும்பி வந்தது.

பலகை அப்போதும் எழவில்லை. அட்டவணையின் முதல் மதிப்பு ஸ்டாக்கின் (தற்காலிகத் தரவுக்கான நினைவகப் பகுதி) உச்சி, சரி. இரண்டாவது ரீசெட் முகவரி, அதாவது நிரல் தொடங்கும் இடம். அது இரட்டைப்படை எண்ணாக இருந்தது. இந்தச் சில்லுகளுக்குத் தம்ப் நிலை (ஆர்ம் சில்லுகளின் சுருக்கமான கட்டளை வகை) மட்டுமே தெரியும் என்பதால், அதைக் காட்ட முகவரியின் கடைசி பிட் 1 ஆக, அதாவது ஒற்றைப்படையாக, இருக்க வேண்டும். அசெம்பிளியில் அந்த லேபிளுக்கு மேலே '.தம்ப்_ஃபங்க்' என்ற ஒற்றை வரியை நான் எழுத மறந்திருந்தேன். அது இல்லாவிட்டால், அங்கே இருப்பது ஒரு தம்ப் செயற்கூறு என்பது லிங்கருக்குத் தெரியாது.

விளக்கு இப்போது கண்சிமிட்டுகிறது. 'இதற்கா ஒன்பது இரவு?' என்கிறார் மாமா. தொடக்க மதிப்புள்ள மாறிகளை ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுக்கும் வளையத்தை இன்னும் எழுதவில்லை. அவை இப்போதைக்குக் குப்பையைத்தான் காட்டுகின்றன.