பொருள்: ஃப்யூஷன், கிராஸ்ஓவர் – இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

ஐயா, வணக்கம். விக்சனரி என்ற இணைய அகராதியில் சேர்க்க, இந்த இரண்டு இசைச் சொற்களுக்கும் தமிழ் தேடும்போது நீங்கள் எழுதியது இது:

> 'ஃப்யூஷன்', 'கிராஸ்ஓவர்' இரண்டையும் 'கலப்பிசை' என்றே சொல்லிவிடலாம். அந்த வேறுபாடு பொதுவாசகருக்குத் தேவையில்லை.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சொல் இருக்கட்டும், முதலில் மேடையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஃபின்லாந்தின் அப்போகாலிப்டிகா குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்சிங்கியின் சிபேலியஸ் அகாதமியில் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய கருவி, வில்லால் வாசிப்பது) படித்த நான்கு பேர் 1993-இல் சேர்ந்து, மெட்டல் எனும் கனத்த ராக் இசைக்குப் பேர்போன அமெரிக்கக் குழுவான மெட்டாலிகாவின் பாடல்களை வாசிக்கத் தொடங்கினார்கள். முதல் ஆல்பம் 1996-இல் வந்தது. கித்தார் இல்லை, பாடகர் இல்லை, டிரம்ஸ்கூட அப்போது கிடையாது. ஆனாலும் கேட்டால் அசல் மெட்டல். எப்படி? அந்த இசையில் கித்தாரின் முதுகெலும்பு பவர் கார்டு. நம் மொழியில் சொன்னால் ச-வும் ப-வும் சேர்ந்து ஒலிப்பது. செல்லோவின் தந்திகளோ அடுத்தடுத்து ச-ப இடைவெளியிலேயே சுருதி கூட்டப்பட்டவை. ஒரு விரலைப் பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் இரண்டின்மேல் படுக்கவைத்து அழுத்தினால் போதும், பவர் கார்டு வந்துவிடும். இதற்கென்றே செய்த கருவியோ என்று தோன்றும்!

குரோஷியாவின் டூசெல்லோஸும் இதே வழிதான். லூக்கா ஷூலிச், ஸ்டெபான் ஹவுசர் இருவரும் 2011-இல் மைக்கேல் ஜாக்சன் பாடல் ஒன்றை வாசித்து யூடியூபில் ஏற்றினார்கள். ஆங்கிலப் பாப் பாடகர் எல்டன் ஜான் தன் கச்சேரிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிரம்ஸ் வேலையையும் வில்லே பார்க்கிறது. வாசித்து முடிப்பதற்குள் வில்லின் முடி பிய்ந்து தொங்கும்.

இதில் எங்கே ஐயா கலப்பு? பாட்டு ராக் பாட்டாகவே இருக்கிறது. இடம் மாறி வந்தது கருவியும் கைப்பழக்கமும்தான். கிராஸ்ஓவர் என்பது இது.

1970-களின் 'சக்தி' குழு வேறு வகை. எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு வாசிக்க ஆங்கிலேய ஜாஸ் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் தன் கித்தாரையே மாற்றிக்கொண்டார். குறுக்கே பரிவுத் தந்திகள் (மற்றத் தந்திகளை மீட்டினால் கூடவே அதிர்பவை) சேர்த்தார். வீணையில் இழுப்பதுபோல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க, கித்தார்க் கழுத்தின் மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) நடுவே மரத்தைக் குடையச் செய்தார். ராகமும் ஜாஸும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்தன. கலப்பு என்றால் இதுதான், ஃப்யூஷன் என்பதும் இதுதான். ஆனால் இதற்கும் 'கலப்பிசை' வேண்டாம்; அந்தச் சொல்லில் கலப்பட வாடை வேறு அடிக்கிறது.

என் பரிந்துரை: ஃப்யூஷனுக்கு 'மயங்கிசை'. திணைமயக்கம், மெய்ம்மயக்கம் என்று இலக்கணத்தில் நாம் பழகிய சொல்தான். கிராஸ்ஓவருக்கு 'ஒட்டிசை'. ஒட்டு மாங்கன்றில் வேர் ஒரு மரம், பழம் வேறு மரம். இங்கே வேர் செவ்வியல் பயிற்சி, பழம் ராக்.

---

தம்பி,

ஒட்டு மாங்கன்று நல்ல உவமை. ஆனால் 'ஒட்டிசை' காதில் 'ஒத்திசை' என்றே விழும். வானொலியில் சொல்லிப் பாருங்கள்.

மயங்கிசையில் சிக்கல் இன்னும் பெரிது. சுவரொட்டியில் 'மயங்கிசைக் கச்சேரி' என்று போட்டால் கேட்கப் போனவர்கள் மயங்கி விழுந்தார்களா என்பார்கள். கேலியை விடுங்கள். நெய்தல் பறவை மருத வயலில் வந்து உட்கார்ந்தால் அது திணைமயக்கம். அப்படியானால் ராக் மேடையில் வந்து உட்கார்ந்த செல்லோவுக்கு அல்லவா உங்கள் சொல் பொருந்துகிறது? நீங்கள் அதை ஃப்யூஷனுக்குத் தந்துவிட்டீர்கள்.

இன்னொன்று. பாலுசுவாமி தீட்சிதர் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த வயலின் எந்தக் கணக்கில் சேரும்? இளையராஜா தியாகராஜரையும் ஜெர்மானிய இசைமேதை பாக்கையும் (Bach) சேர்த்து 1986-இல் ஓர் ஆல்பம் போட்டார்; அதற்கு வைத்த பெயரே 'ஹவ் டு நேம் இட்'. அவருக்கே அந்தக் கேள்வி இருந்திருக்கிறது, நமக்கு இருந்தால் என்ன!

---

ஐயா,

பறவை விஷயத்தில் பிடித்துவிட்டீர்கள். மயங்கிசையை விட்டுவிடுகிறேன். ஃப்யூஷனுக்கு 'இணைவிசை' இருக்கட்டும். பள்ளிப் புத்தகத்தில் 'அணுக்கரு இணைவு' படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

வயலினுக்குத் தனிச்சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன். அது நாற்றைப் பிடுங்கி நட்ட கதை. கணுக்காலில் சாய்த்து, ச-ப-ச-ப என்று சுருதி மாற்றி, இந்த மண்ணிலேயே வேர் பிடித்துவிட்டது. யாரும் அதை இன்று ஐரோப்பிய இசையாகக் கேட்பதில்லை.

ஒட்டிசைக்குப் பதில் 'ஒட்டுப்பாணி' எப்படி? ஒத்திசைக் குழப்பம் வராது. பாணி என்பது பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தினமும் புழங்கும் சொல். 'ஒட்டுப்பாணி செல்லோ', 'ஒட்டுப்பாணிக் கச்சேரி' என்று முன்னொட்டாகவும் நன்றாக உட்காருகிறது. மறுப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன். இணைவிசைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.