போனில் நெட் ஓடுகிறது, டிஷ் பாக்ஸில் ஓடவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காசிமேட்டுக்காரன்:

சேனலை மாற்றினால் நெட் அறுந்துபோகிறது. சர்வீஸ் கடையில் இதை ஒருவரும் நம்பவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஃபைபர் இழுக்கச் சுவரில் ஓட்டை போட ஹவுஸ் ஓனர் விடமாட்டார். ஆகவே டிஷ் ரிசீவரின் பின்பக்க யூஎஸ்பியில் சிம் போட்ட 4ஜி டாங்கிள். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறீர்கள்.

எல்லா சேனலுக்கும் போகாது, அதுதான் தலைவலி. அம்மா பக்திச் சேனல் வைத்தால் டாங்கிள் விளக்கு நிலையாக எரியும். அங்கிருந்து செய்திக்குத் தாவினால் விளக்கு அணைந்து, மறுபடி முதலிலிருந்து டவரைத் தேடும். கடையில் சிம்மை மாற்று என்றார்கள், அப்புறம் டாங்கிளை மாற்று என்றார்கள், கடைசியில் பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள். காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எந்தெந்த சேனலில் போகிறது என்று எழுதிக்கொண்டே வந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால், நெட் அறுந்துபோகிற சேனல் அத்தனையும் ஹாரிசான்டல், அதாவது சிக்னல் கிடைமட்டமாக வருகிறவை. செங்குத்தாக வரும் வெர்டிகலில் ஒன்றுகூட இல்லை!

வெர்டிகலுக்கு 13 வோல்ட், ஹாரிசான்டலுக்கு 18 வோல்ட் என்று எல்என்பிக்கு, அதாவது டிஷ்ஷின் முனையில் சிக்னலைப் பிடிக்கும் கருவிக்கு, கரன்ட் அனுப்புவது பாக்ஸ்தான். எங்கள் அடாப்டர் பழசு. 18-க்கு ஏறும் நொடியில் அது தாங்கவில்லை, யூஎஸ்பிக்குப் போகிற கரன்ட் சரிகிறது, டாங்கிள் செத்துப் பிழைக்கிறது. யூஎஸ்பி 2.0-வில் 500 மில்லியாம்ப்தான் கணக்கு. டவர் தேடும்போது டாங்கிள் அதற்கு மேலும் இழுக்கும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு அம்மாவைச் சேனல் மாற்றச் சொன்னேன். எண் இறங்குவதை இரண்டு பேரும் பார்த்தோம். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் போட்ட பிறகு நெட் அறுந்துபோகவே இல்லை. பாக்ஸும் சிம்மும் அதேதான்.

வியாசை வயர்மேன்:

அண்ணே, நீங்கள் சொன்னது சரி. ஆனால் எல்லோரும் போய் ஹப் வாங்கிவிடப் போகிறார்கள். நான் போகிற வீடுகளில் பெரும்பாலும் கரன்ட் காரணமே இல்லை, டேட்டா தீர்ந்திருக்கும்.

எருக்கஞ்சேரியில் ஒரு பெரியவர். சாயங்காலம் பாக்ஸில் கிரிக்கெட் ஓடும், இருட்டியதும் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும், விடிந்தால் மறுபடி ஓடும். "வாட்ஸ்அப் வருதே தம்பி, நெட் இல்லன்னா எப்படி வரும்?" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக். எச்டி வைத்தால் ஒரு மணி நேரம் தாண்டுவதே கஷ்டம். தீர்ந்த பிறகு நெட் நிற்காது, 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கும். அதில் வாட்ஸ்அப் எழுத்து வரும், வீடியோ வராது. பாக்ஸோ ஒரே வார்த்தையாக இணைப்பு இல்லை என்று காட்டிவிடும். ராத்திரி 12 மணிக்குப் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். 12 அடித்த கையோடு போன் செய்தார்: "வந்துடுச்சு தம்பி."

அதற்கு முன்பே யாரோ அவரிடம் இதே கோளாறுக்குப் புது பாக்ஸ் விற்றிருந்தார்கள். பென்ஷன் பணம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருவொற்றியூர் டீச்சர்:

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். கரன்ட் திரும்பியது, ஃபைபர் வரவில்லை, போனில் மட்டும் 4ஜி எட்டிப்பார்த்தது. எர்ணாவூரில் தம்பி வீட்டுப் பக்கம் தண்ணீர் வடிந்ததா என்று தெரியவில்லை, அவன் போனும் எடுக்கவில்லை. மாமியாருக்குப் போன் திரையில் கண் தெரியாது, டிவியில் செய்தி வேண்டும். டிஷ் காற்றில் திரும்பிவிட்டது, சிக்னல் இல்லை. சரி, ஹாட்ஸ்பாட்டில் பாக்ஸை இணைத்து யூடியூபில் செய்தி பார்க்கலாம் என்றால், வைஃபை சேர்ந்துகொள்கிறது, யூடியூப் மட்டும் திறக்கவில்லை. எதைத் தொட்டாலும் பாதுகாப்பான இணைப்பு இல்லை என்றே வந்தது.

அப்போது திரையின் மூலையைப் பார்த்தேன். 01-01-1970, காலை 5:30.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. கணினிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி 1970 ஜனவரி 1. கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு, நமக்கு ஐந்தரை மணி. இந்த மாதிரி பாக்ஸ்களில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் செயற்கைக்கோள் சிக்னலோடு வரும் நேரத்தைப் பார்த்துத்தான் தன் கடிகாரத்தை வைத்துக்கொள்ளும். டிஷ் திரும்பிவிட்டதால் நேரம் வரவில்லை. இணையத் தளங்கள் தாங்கள் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. 1970-இல் உட்கார்ந்திருக்கும் பாக்ஸுக்கு எந்தச் சான்றிதழுமே இன்னும் தொடங்காத ஒன்று, எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது. அமைப்புகளுக்குள் போய்த் தேதியைக் கையால் அடித்தேன். யூடியூப் திறந்தது.

மாமியார் செய்தியைப் பார்த்தார். தம்பி சாயங்காலம் பேசினான், மாடியில் இருந்திருக்கிறார்கள்.

எண்ணூர் வாசகன்:

டீச்சர், தேதி சரியாக இருந்தாலும் போதாது. எங்கள் பழைய ரிசீவரில் தேதி நேரம் எல்லாம் கச்சிதம், 2021 செப்டம்பர் 30-க்குப் பிறகு பாதித் தளங்கள் திறக்கவில்லை. அன்றைக்கு, தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் (கருவிக்குள்ளேயே இருக்கும் அடிப்படைச் சான்றிதழ்) காலாவதியானது. அப்டேட் வராத கருவிகள் உலகம் முழுக்க மாட்டிக்கொண்டன. நானும் போனையும் சிம்மையும் திட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஹாட்ஸ்பாட்டில் பாக்ஸ் ஓட்டுகிற எல்லோரும் இதைக் கவனியுங்கள். முதலில், போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஹாட்ஸ்பாட் கொடுத்தால் மலிவான பாக்ஸ்களின் வைஃபைக்கு அந்தப் பெயரே கண்ணில் படாது, அவை 2.4 மட்டும்தான் பார்க்கும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்பிலேயே மாற்றலாம். ஐபோன் 12-லும் அதற்குப் பிந்தியவற்றிலும் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதைப் போடுங்கள். வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 என்று வைக்காதீர்கள், பழைய பாக்ஸ் டபிள்யூபிஏ2 வரைதான் பேசும். யாரும் சேரவில்லை என்றால் சில நிமிடங்களில் ஹாட்ஸ்பாட் தானாக அணையும் வசதியை நிறுத்திவிடுங்கள், பாக்ஸ் எழுந்திருக்கவே நேரம் பிடிக்கும். டாங்கிள் வைத்திருப்பவர்கள் ஏபிஎன் (சிம்முக்கான இணைய அமைப்பு) பக்கத்தில் ஐபிவி4, ஐபிவி6 என்ற இரண்டு முகவரி முறைகளும் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். வெறும் 6 இருந்தால் பழைய பாக்ஸ் முழிக்கும். அப்புறம் நம் பக்கத்துக் கடல் காற்று. மாடியில் எல்என்பி முனையில் இருக்கும் எஃப் கனெக்டரை, அதாவது கேபிளின் திருகு முனையை, கழற்றிப் பாருங்கள், உள்ளே பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதுசு போட்டு, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இதைச் செய்யாமல் நெட்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

திருவொற்றியூர் டீச்சர்:

நன்றி தம்பி. ஆனால் என் பாக்ஸ் அன்றைக்கே சரியாகிவிட்டது, கனெக்டரும் பித்தளைதான். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: மழை நாளில் முதலில் திரையில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை கேபிள்:

நீங்கள் எல்லோரும் நெட் போதவில்லை, வரவில்லை என்கிறீர்கள். எனக்கு டவர் சிக்னல் அதிகமாகி டிஷ் போனது.

தொழில் கேபிள். மாடியில் பெரிய மெஷ் (வலை) டிஷ், சி பேண்ட் என்கிற அலைவரிசை. 5ஜிக்கு ஏலம் போனது 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி சேவை தொடங்கியது. நம் சாதாரண சி பேண்ட் எல்என்பி 3400 முதல் 4200 வரை எல்லாவற்றையும் அள்ளும். செயற்கைக்கோள் இருப்பது 36,000 கிலோமீட்டர் தூரத்தில், 5ஜி ஆன்டெனா எதிர் மாடியில். கல்யாண மண்டப ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு ரகசியம் கேட்கிற கதை. 3700-க்கு மேலே இருக்கும் சேனல்களும் தப்பவில்லை, ஏனென்றால் எல்என்பி மொத்தமாகத் திணறிவிடுகிறது.

படம் கட்டம் கட்டமாக உடைந்து, வீட்டுக்கு வீடு போன். "அண்ணே, சீரியல் வரல." டிஷ்ஷைத் திருப்பினேன், எல்என்பியை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. மீட்டரில் சிக்னல் பலம் நிறைய, தரம் பூஜ்யம். பலம் நிறைய இருந்து தரம் இல்லை என்றால் உள்ளே வேறு யாரோ பேசுகிறார்கள். கீழ் வீட்டிலிருந்து பிரியாணி தேக்சாவின் மூடியை வாங்கிக்கொண்டு வந்து, எதிர் மாடி ஆன்டெனாவுக்கும், டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் ஃபீடுக்கும் நடுவில் மறைத்துப் பிடித்தேன். தரம் ஏறியது. மூடியை எடுத்தால் பூஜ்யம், வைத்தால் படம். பையனைக் கீழே நிற்க வைத்துக் கத்தச் சொல்லி உறுதி செய்தேன்.

தீர்வு ஃபில்டர். ஃபீடுக்கும் எல்என்பிக்கும் நடுவில் வரும் உலோகக் கட்டை, 3700 முதல் 4200 வரை மட்டும் விடும். ஃபில்டர் உள்ளேயே இருக்கும் எல்என்பியும் கிடைக்கிறது. டிஷ்ஷை மாடிப்படி அறைக்குப் பின்னால் இறக்கி வைத்ததும் உதவியது. இதை எங்களுக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் எங்களை விட்டுப் போன கனெக்ஷன்கள் திரும்பி வரவில்லை.

வியாசை வயர்மேன்:

அண்ணே, இதைப் படித்துவிட்டு வீட்டு டிஷ் வைத்திருப்பவர்களும் 5ஜி ஃபில்டர் கேட்பார்கள். அது தவறு. வீட்டு டிஷ் கேயூ பேண்ட் என்ற வேறு அலைவரிசை, 10.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். 5ஜி டவர் அதைத் தொடாது.

கொருக்குப்பேட்டை கேபிள்:

டிஷ்ஷைத் தொடாது, ஒத்துக்கொள்கிறேன். கேபிளைத் தொடும். எல்என்பி கீழே அனுப்புவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ். 4ஜியின் 1800 பேண்ட் அதற்குள்தான் விழுகிறது. உள்ளே உலோக வலை உறை இல்லாத மலிவு கேபிளும் தளர்ந்த கனெக்டரும் இருந்தால் உள்ளே நுழையும். ஹாட்ஸ்பாட் போனை ரிசீவரின் தலைமேல் வைத்திருந்த வீட்டில், குறிப்பிட்ட இரண்டு சேனல் மட்டும் உடைவதைக் கண்ணால் பார்த்தேன். போனை ஜன்னலில் வைத்ததும் நின்றது. ஜன்னலில் டவரும் நன்றாகக் கிடைக்கும்.

மணலி நைட் ஷிஃப்ட்:

என்னுடையது வேறு. வீட்டு ரிசீவரில் ஓடுவதை ஷிஃப்ட் இடைவேளையில் போனில் பார்க்க வேண்டும். வீட்டில் ஃபைபர் இருந்தவரை ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து வைத்துப் பார்த்தேன். வீடு மாறி 4ஜி ரவுட்டருக்கு வந்ததும் வெளியிலிருந்து உள்ளே போகவே முடியவில்லை. போர்ட்டைத் திற, திற என்று எல்லோரும் சொன்னார்கள், திறந்துதான் இருந்தது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் வெளி ஐபி முகவரியைப் (இணையத்தில் நமக்கான எண்) படித்தேன்: 100.72 என்று ஆரம்பித்தது. ஐபி காட்டும் தளத்தில் பார்த்தால் வேறு எண். இரண்டும் பொருந்தவில்லை என்றால் போர்ட்டைத் திறந்து பயனில்லை. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் நெட் கம்பெனிகள் தங்கள் உள்வேலைக்கு வைத்துக்கொள்வதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நம்மைப் போல் பல பேரை உட்கார வைக்கிறார்கள். உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து கதவைத் தட்ட முடியாது.

ஆகவே ரவுட்டரை உள்ளேயிருந்து வெளியே கூப்பிட வைத்தேன். வாடகை சர்வர் ஒன்றில் வயர்கார்டு என்ற விபிஎன் (தனி இணைப்பு) போட்டு, ரவுட்டர் அதனோடு எப்போதும் தொடர்பில் இருக்கும்படி செய்தேன். 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்ன பாக்கெட் போகும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் கம்பெனியின் கருவி இந்தத் தொடர்பை மறந்துவிடும். படம் இப்போது வருகிறது. இந்தத் திரியில் சொன்ன மாதிரி 2 ஜிபி பேக்கில் இது முடியாது, வீட்டிலிருந்து மேலே போகும் டேட்டாவும் கணக்கில் ஏறும். காசிமேடு அண்ணே, உங்கள் டாங்கிளின் அமைப்புப் பக்கத்தில் (192.168.8.1) வெளி முகவரி எதில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். முழுதாகப் போட வேண்டாம்.